ஜெர்மன் துரையின் படமும் என் அப்பாவும்

என் அப்பா பச்சமுத்து சேலத்தில் தாலுகா கச்சேரிச் சேவகர். ஏலம் கூறுவது அவர் வேலை. அண்டா, மாடு, கட்டில், நிலம் என்று இருபத்திரண்டு வருஷம் கூறினார். நூறு கஜத்துக்குக் கேட்கும் குரல். போன மாசம் இறந்துவிட்டார். அவருடைய ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன்.

1942. யுத்தம் தொடங்கியதும் ஊருக்கு வெளியே குடியிருந்த ஜெர்மன் துரையை எதிரி நாட்டவர் என்று தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மூன்று வருஷம் கழித்து அவர் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் ஒரு எண்ணெய்ச் சாயப் படம். ஒன்பதடி நீளம், ஆறடி உயரம். துரையின் தம்பி இங்கே வந்து தங்கியிருந்தபோது வரைந்தது. கிணற்றடியில் நான்கு பெண்கள். அவர்கள் நாட்டில் அப்போது அது புதுப் பாணியாம். சாயம் கரண்டியால் அப்பியது போல் தடித்திருக்கும், முகமெல்லாம் பச்சை. இடமிருந்து இரண்டாவது என் அம்மா, கந்தம்மாள். பங்களாத் தோட்டத்துக்குத் தண்ணீர் சுமந்தவள். எனக்கு ஐந்து வயதாகும்போது காலராவில் போனாள். போட்டோ கிடையாது.

நான் மேட்டூர் மின்நிலையத்தில் டர்பைன் ஃபிட்டர். அப்பா அங்கே வந்தார்.

"அவ மொகம் மறந்துக்கிட்டே வருது சாமி. பச்சையா இருந்தாலும் அது அவதான். நீ வந்து ஏலத்துல கேளு. கூறுறவன் கேக்கக் கூடாது."

ஏலத்தன்று எனக்கு ஷிப்ட். லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

"மாமாவ அனுப்புங்கப்பா," என்றேன்.

மாமா வேலுமணி அம்மாவின் தம்பி. திருச்செங்கோட்டில் மாட்டுத் தரகர். அப்பா அவரிடம் அறுபத்தைந்து ரூபாய் கொடுத்தார். நடந்ததை மாமாதான் பிறகு என்னிடம் சொன்னார்.

ஆத்தூர் ரைஸ்மில்காரர் ஒருவர் முப்பது என்றார். மாமா முப்பத்திரண்டு என்றார். மில்காரர் நாற்பதுக்குப் போனார். அங்கேதான் மாமாவைச் சந்தைப் பழக்கம் பிடித்துக்கொண்டது. சந்தையில் தரகர் தனக்குப் பிடித்த மாட்டை முதலில் பழிப்பார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். விற்கிறவர் பின்னாலேயே கூப்பிடுவார். விலை இறங்கும்.

"ஏனுங்க, இது மூஞ்சியா, பாசி புடிச்ச தொட்டியா? சும்மா குடுத்தாலும் ஊட்டுல மாட்ட முடியாதுங்க!"

கூட்டம் சிரித்தது. "அப்புறம் எதுக்கு ரெண்டு ரூபா ஏத்துனீங்க?" என்றார் மில்காரர்.

மாமா துண்டை உதறினார். வாசலைப் பார்த்து நடந்தார்.

"நாப்பது ரூபா, ஒருதரம்," என்றார் அப்பா. "நாப்பது ரூபா, ரெண்டுதரம்."

மாமா திரும்பவில்லை. கூப்பிடட்டும் என்று மெதுவாக நடந்தார். அப்பா இன்னொரு முறை "ரெண்டுதரம்" என்றார். பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. குரலை மட்டும் உயர்த்தினார். மூன்றாம் முறையும் "ரெண்டுதரம்".

"என்னய்யா பச்சமுத்து, எண்ண மறந்துபோச்சா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க எஜமான். மூணுதரம்."

மாமா திரும்பிப் பார்த்தபோது மில்காரரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அப்பா அறுபத்தைந்து ரூபாயோடு ஆத்தூர் போனார். மில்காரர் படத்துக்காக வாங்கவில்லை. யுத்தத்தில் தார்ப்பாய் கிடைக்காததால் அந்தக் கனத்த துணி அவருக்கு வேண்டியிருந்தது. இரண்டாக வெட்டி நெல் வண்டிகளுக்கு மூடியிருந்தார். மில்லில் நின்ற வண்டியில் வலப்பக்கத்துப் பெண்கள் இருவர். இன்னொரு வண்டி கெங்கவல்லி போயிருந்தது. அப்பா சாயந்திரம் வரை காத்திருந்தார். அந்தத் துணி சுருட்டிக் கட்டப்பட்டு வந்தது. பிரிக்கப் பிரிக்கச் சாயம் செதில் செதிலாக உதிர்ந்தது. அம்மாவின் குடமும் கையும் இருந்தன. மேலே வெறும் துணி.

"வேணும்னா எடுத்துக்கங்க," என்றார் மில்காரர்.

"வேண்டாங்க," என்று அப்பா வந்துவிட்டார்.

என்னையோ மாமாவையோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன மாசம், படுக்கையில் இருந்தவரிடம் கேட்டேன். "அம்மா எப்படிப்பா இருப்பாங்க?"

"ஒசரமா இருப்பா."

"மொகம்?"

இல்லை என்பதுபோல் தலையை அசைத்தார்.