மண்ணுக்குள் போன விலாசம்

ரப்பர் முத்திரையை வாயருகே கொண்டுபோய் "ஹா... ஹா..." என்று இரண்டு தரம் ஊதிய பிறகுதான் கிருஷ்ணராஜ் சேர் அதைத் தாளில் அமுக்குவார். அப்போதுதான் மை நன்றாகப் பிடிக்குமாம். ஊதும்போது கண் இரண்டும் தானாக மூடிக்கொள்ளும். கோயிலில்கூட அவர் அவ்வளவு பக்தியாகக் கண்மூடி நான் பார்த்ததில்லை.

மருந்து வேன்களைச் சோதிப்பது அவருடைய உத்தியோகம். பதுளையிலிருந்து வியாழக்கிழமை தோறும் ஒரு வேன் எங்களிடம் வருகிறது. நமுனுகுலப் பக்கம் எங்கள் மேல்டிவிசன் லயங்களை, அந்த வரிசை வீடுகளை, மலை சரிந்து மண் மூடி இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து, மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து காயப்போடும் மாடியில், சேலைகளைத் தடுப்பாகக் கட்டிக்கொண்டு முப்பத்தெட்டுக் குடும்பங்கள் இருக்கிறோம். இதற்குத் தற்காலிகம் என்று பெயர். பசறைக்கு பஸ் ஏற முடியாத நோயாளிகளுக்கு அந்த வேன்தான் ஆஸ்பத்திரி. அதில் மருந்து கொடுப்பவர் மிப்ரான் என்ற டவுன்காரர். எங்கள் நோய்களை எங்கள் பெயர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்.

வேன் வந்து நின்றால் பின்னாலேயே சேருடைய ஜீப் வரும். இறங்கியதும் சட்டைப்பையிலிருந்து சொந்த வெப்பமானியை எடுத்து மருந்துக் குளிர்ப்பெட்டிக்குள் வைப்பார். நாங்கள் தேத்தண்ணி நீட்டினால், "கொதிச்ச தண்ணிதானே?" என்று கேட்பார். ஆமாங்க என்றாலும் குடிக்கமாட்டார். பொய் சொல்லக் கூடாது. ஒரு தடவை காலாவதியான காய்ச்சல் பாணியைக் கண்டுபிடித்து அத்தனை போத்தலையும் கொட்ட வைத்தார். அன்று அவரைக் கும்பிட்டோம். கும்பிட்டதுதான் பிழையோ என்னவோ, அதற்குப் பிறகு மருந்தைப் பார்ப்பதை விட்டு எங்கள் அடையாள அட்டைகளைப் பார்க்கத் தொடங்கினார்.

முறைக்கு அவன், இவன் என்று சொல்லலாம். உத்தியோகத்துக்காக அவர் என்கிறேன். அவருடைய அம்மா பாக்கியலெட்சுமி எங்கள் நாலாம் லயத்துக்காரி. அவளும், அடுத்த அறையான பக்கத்துக் காம்பிரா கருப்பம்மாவும் அக்கா தங்கச்சி வயிற்றுப் பிள்ளைகள். ஆகவே கருப்பம்மா சேருக்குப் பெரியம்மா. லயத்துக்குத் தனி விலாசம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். இவருக்கு வேலைக் கடிதம் வந்த அன்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை கூப்பிட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, அரைநாள் பேரை, அந்தச் சம்பளத்தை விட்டு மலையேறி ஓடி வந்தவள் கருப்பம்மா.

அவளுக்கு இப்போது சீனி வியாதி. காலில் ஆறாத புண். போன வியாழன், இன்சுலின் தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது. நாக்கு வறண்டு வேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சேர் அவளுடைய அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இதில மேல்டிவிசன்னு இருக்கு. பதிஞ்ச இடத்துலதான் மருந்து குடுக்கலாம். இல்லாட்டி ஒரே ஆள் நாலு எடத்துல வாங்கி வித்துருவாங்க."

"அந்த லயம் மண்ணுக்குள்ள கெடக்கு தம்பி."

"சேர்னு சொல்லுங்க. மண்ணப் பத்தி எனக்குத் தெரியாது. அட்டையில உள்ளதுதான் எடம்."

மிப்ரானுக்குப் பொறுக்கவில்லை. "அப்ப வேனக் கொண்டுபோய் அந்த மண்ணுக்கு மேலயா நிப்பாட்டச் சொல்றீங்க சேர்?" என்று நக்கலாகக் கேட்டார்.

சேர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "அது சரியா வரும். அப்படியே செய்ங்க."

நக்கல் உத்தரவாகிவிட்டது. மண்சரிவு இடத்துக்கு ஒன்றரை மைல் ஏற்றம். கருப்பம்மாவை வேனில் ஏற்றிக்கொள்கிறேன் என்றார் மிப்ரான். சேர் அனுமதிப்பத்திரத்தைத் தட்டிக்காட்டினார்: "மருந்து ஏத்தத்தான் அனுமதி. ஆள் ஏத்த இல்ல." மருந்து வேனில் போயிற்று, சட்டம் ஜீப்பில் போயிற்று, நோயாளி நடந்து போனாள். இரண்டு பக்கமும் ஆள் தாங்க, பத்தடிக்கு ஒரு தரம் உட்கார்ந்து எழுந்தாள்.

"பாக்கியலெட்சுமி மகன் நல்லா வந்துட்டான் பாத்தீங்களா," என்றாள் வழியில். "நான் கொண்டாந்து குடுத்த கடுதாசி வீண்போகல."

மேலே சிவப்புக் கொடி, ஆபத்துப் பலகை, குறுக்கே மஞ்சள் கயிறு. மிப்ரான் கயிற்றை அவிழ்த்து வேனைச் சேற்றுக்குள் விட்டார். சேர் அதை மறுபடி கட்டச் சொல்லிவிட்டு இந்தப் பக்கமே நின்றுகொண்டார். கருப்பம்மா கயிற்றுக்குக் கீழே குனிந்து போனாள். தன் வாசல் எங்கே இருந்திருக்கும் என்று கொஞ்சம் சுற்றிப் பார்த்தாள். மிப்ரான் ஊசியோடு வந்தார்.

"முதல்ல பதிவு," என்றார் சேர்.

அவள் கயிற்றண்டை வந்து மையில் பெருவிரலைத் தொட்டாள். அப்போது மேலே எங்கேயோ இரண்டு கல் உருண்டது. சேருடைய சப்பாத்துகள் ஓரடி பின்னே போயின. கால்களை அங்கேயே விட்டு, இடுப்பை மட்டும் வளைத்து, பதிவேட்டைக் கயிற்றுக்கு மேலாக நீட்டிக் கைநாட்டை வாங்கினார். பிறகு முத்திரையை வாயருகே கொண்டுபோனார். இந்தத் தரம் கண்ணை மூடவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே ஊதினார்.