ஹோம் தியேட்டர் மாட்டப் போன வீடுகள்

ஹோம் தியேட்டர் மாட்டுகிறவனைப் பயமுறுத்தும் சத்தம் எது தெரியுமா? சத்தமே வராமல் இருப்பதுதான்.

ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு, சுற்றுவட்டாரத்தில் யார் கூப்பிட்டாலும் பைக்கில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு போய் மாட்டிக்கொடுப்பது என் பிழைப்பு. பெரிய கடைக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டதும் எழுந்து வந்து, “அதே மாதிரி வேணும், ஆனா நம்ம கைக்கு அடக்கமா” என்று போன் செய்கிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். கையில் சிவப்பு வயரும் கறுப்பு வயருமாக நீங்கள் குனிந்திருக்க, மொத்தக் குடும்பமும் பின்னால் உட்கார்ந்து உங்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறதா? அப்படி ஒருமுறையாவது வியர்த்திருந்தால் நீங்கள் நம்ம ஆள். மேலே படியுங்கள்.

வாயசைத்த கதாநாயகன்

முதுகுளத்தூரில் ஒரு மிளகாய் வியாபாரி. அசெம்பிள் செய்த ஆம்ப்ளிபயரை மதுரையிலிருந்து அவரே வாங்கி வைத்திருந்தார். ஐந்து ஸ்பீக்கர் மாட்ட வேண்டிய பெட்டி அது. அவர் வாங்கியதோ நாலு. “நடுவுலதான் டிவி இருக்குல்ல, அங்கன எதுக்கு இன்னொண்ணு?” என்று கேட்டார். முதல் நாளே வாக்குவாதம் வேண்டாம் என்று நானும் மாட்டிவிட்டேன். படத்தைப் போட்டால் பாட்டு அதிர்கிறது, கார் பறக்கிற சத்தம் காதைக் கிழிக்கிறது, கதாநாயகன் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடுகிறான். ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. அவருடைய மச்சான் குடும்பம் வேறு படம் பார்க்க வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தது.

வயரையெல்லாம் கழற்றி மறுபடி மாட்டினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அரை மணி நேரம் கழித்துத்தான் புத்தியில் உறைத்தது. படத்தில் பேச்செல்லாம் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். அந்த ஸ்பீக்கர் இல்லை என்பதை ஆம்ப்ளிபயருக்கு யாரும் சொல்லவில்லை. அது இல்லாத ஸ்பீக்கருக்குப் பேச்சை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ரிமோட்டில் ‘நடு ஸ்பீக்கர் இல்லை’ என்ற இடத்தைத் தேடி மாற்றியதும், பேச்சு இரண்டு பக்கத்து ஸ்பீக்கருக்கும் பிரிந்து வந்துவிட்டது. எனக்குப் போன உயிர் வந்தது. வியாபாரி மச்சான் பக்கம் திரும்பிச் சொன்னார்: “நாலுலயே அஞ்சு சத்தமும் வருது பார்த்தியா? நான் அப்பவே சொன்னேன்.”

சிக்கலில் ஒரு வெள்ளாடு

சிக்கல் என்ற ஊரில் பேச்சியம்மா வீட்டில் செலவைக் குறைக்க, பின்பக்க ஸ்பீக்கருக்கான வயரை ஜன்னல் வழியாக வெளியே விட்டுச் சுவரோரமாகக் கொண்டுபோயிருந்தேன். பத்தாம் நாள் போன்: “பின்னாடி ஸ்பீக்கரு செத்துப்போச்சு, வாய்யா.” வழியெல்லாம் ஆம்ப்ளிபயர் எரிந்திருக்குமோ என்ற கவலை. போய்ப் பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் வயரைக் காணோம். மிச்சம் இருந்த நுனியில் பல் பதிந்திருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளாடு அசைபோட்டுக்கொண்டு நின்றது.

நல்லவேளை, ஆம்ப்ளிபயருக்கு ஒன்றும் ஆகவில்லை. வயரைச் சேர்த்துவிடலாம் என்று பையைத் திறந்தேன். பேச்சியம்மா என் கையைத் தட்டிவிட்டார். வயிற்றுக்குள் செம்புக் கம்பி போன ஆடு பிழைக்குமா என்பதுதான் அவர் கவலை. குட்டியிலிருந்து பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்த ஆடாம். வயர் போட்டவன் என்ற முறையில் நான் குற்றவாளிபோல நின்றேன். கால்நடை மருத்துவர் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்து மருந்து கொடுத்தார். ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் கிளம்பிவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் பேச்சியம்மாவின் போன்: “ஆடு நல்லாப் புழுக்கை போட்டுருச்சுய்யா, இனி நீ வயரு மாட்ட வரலாம்.”

சுவருக்கு அந்தப் பக்கம்

மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் பெயின்டர் சிவராசாவுக்கு ஒற்றை அறை வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். நான் கொண்டுபோனது, கும்மென்று அதிர்கிற பழைய வூஃபர் பெட்டி ஒன்றும் ஸ்பீக்கர் இரண்டும். “சத்தம் அங்கால போகப்படாது. ஒவ்வொரு நாளும் முகத்தில முழிக்கிற சனம்” என்று அவர் மூன்று தடவை சொல்லிவிட்டார். வூஃபருக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டேன். சுவரை விட்டுத் தள்ளி வைத்தேன். சத்தத்தைக் குறைத்துத்தான் படத்தையும் போட்டேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, சுவரில் டொம் டொம் என்று தட்டல். சிவராசா எழுந்து நின்றுவிட்டார். முகம் வெளிறிப்போனது. நான் பாய்ந்து படத்தை நிறுத்தினேன். வாசலில் பக்கத்து வீட்டு அம்மா வந்து நின்றார். “ஏன் நிப்பாட்டினீங்கள்? பாட்டு வடிவாக் கேக்குது, கதைக்கிறதுதான் விளங்கேல்லை. கொஞ்சம் கூட்டி விடுங்கோ.”

பாம்பனில் இடித்த இடி

இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பாம்பனில் அமலி என்ற பெண்ணின் வீடு. கணவர் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் மாட்டி முடித்து அசத்திவிட வேண்டும் என்பது அமலியின் ஆசை. நானும் எலக்ட்ரீசியன் காளிமுத்து அண்ணனும் காலையிலேயே போய்விட்டோம். வூஃபரைச் சோதிக்க நான் எப்போதும் போடுகிற ஒரு காட்சி உண்டு. மழை கொட்டும், பெரிய இடி ஒன்று விழும். போட்டேன். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பிரமாதம் என்று நான் திரும்புவதற்குள், அமலி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, செருப்புகூட இல்லாமல் எங்களைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டார். வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது.

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். கையில் கரண்டி அப்படியே இருந்தது. அப்புறம்தான் சொன்னார்: எட்டு மணிக்கே வர வேண்டிய படகு மணி பத்தாகியும் வரவில்லை, போனும் போகவில்லை. காளிமுத்து அண்ணன் பிளக்கைப் பிடுங்கினார். அதற்கு மேல் நாங்கள் ஒரு வயரையும் தொடவில்லை. கிளம்பிப் போகவும் மனம் வரவில்லை. மூன்று பேரும் அமலியின் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பதினொன்றரைக்கு அது அடித்தது. இன்ஜின் நின்றுவிட்டதாம்; இன்னொரு படகு கட்டி இழுத்து வந்திருக்கிறது; எல்லோரும் கரை ஏறிவிட்டார்கள். அமலி போனை வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். காளிமுத்து அண்ணன் எழுந்து வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

கணவர் வந்தார். உப்பு படிந்த முகத்தோடு நேரே ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து, “எங்க, போடுங்க பாப்போம்” என்றார். நான் அமலியைப் பார்த்தேன். “எது வேணும்னாலும் போடுங்கண்ணே,” என்றார், “அந்த இடிய மட்டும் போட்டுராதீக.”

அய்யாவின் கதை

ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நெல் விவசாயம் பார்க்கும் முருகேசனின் அய்யாவுக்குக் காது மந்தம். மிஷின் வாங்கிக் கொடுத்தால், காதுக்குள் கூவுகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். டிவி சத்தத்தைக் கூட்டினால் மற்றவர்களுக்குத் தலைவலி. நாலு வருடமாக மனுஷன் சத்தம் கேட்காமலேயே, தினமும் உட்கார்ந்து ஒரு சீரியலை விடாமல் பார்த்துவருகிறார். அய்யாவுக்காக ஐந்து ஸ்பீக்கரும் வேண்டும் என்றார் முருகேசன். வேண்டாம், பேச்சு மட்டும் வருகிற ஸ்பீக்கர் ஒன்று போதும், அதை அய்யாவின் கட்டிலை ஒட்டிக் காது உயரத்தில் வைப்போம் என்றேன்.

சீரியல் ஆரம்பித்ததும் அய்யா சட்டென்று நிமிர்ந்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். அரை மணி நேரம் கண்ணைக்கூட எடுக்கவில்லை. “அய்யா, கேக்குதாய்யா?” என்று முருகேசன் குனிந்து கேட்டபோது குரல் நடுங்கியது. அவர் தலையாட்டினார். பிறகு அய்யா மகனை அருகே கூப்பிட்டுச் சொன்னார்: “கேக்குது, நல்லாவே கேக்குது, ஆனா ஏலே, இவ்வளவு நாளா நானா நெனச்சு வச்சிருந்த கதை இதவிட நல்லா இருந்துச்சுலே.”

சத்தம் நன்றாக வந்தால் பெருமை பெட்டிக்கு, வராவிட்டால் திட்டு எனக்கு என்பதுதான் இந்தத் தொழில் என்றாலும், இதுவரை எந்த வீட்டுக்காரரும் என்னைக் காபி தராமல் அனுப்பியதில்லை.