முப்பத்தெட்டு விநாடிப் பேச்சு

மருந்துக்கடை அக்கா என்றால் பாலத்தின் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் தெரியும். பத்தொன்பது வருடமாக அதே கண்ணாடி மேசைக்குப் பின்னால் நிற்கிறாள். டாக்டர்கள் கிறுக்குவதை அவர்களைவிட நன்றாகப் படிப்பாள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக் கொதிப்பு, யார் மாத்திரையை முழுங்கியதாகப் பொய் சொல்கிறார்கள், எல்லாம் அத்துப்படி. ஒரே குறை அவள் வாய்தான். மனதில் பட்டதை உடனே யாரிடமாவது கொட்டியாக வேண்டும். பெரும்பாலும் அது வெளியூரில் இருக்கும் தங்கைதான். இரண்டு பேருக்கும் எழுதச் சோம்பல். போனில் பேசிப் பதிந்து அனுப்பிக்கொள்வார்கள்.

அந்த வருடம் அரசாங்கம் கவிழ்ந்து, அடுத்தது வந்தபாடில்லை. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. வெளியிலிருந்து வரும் மருந்துகள் துறைமுகத்திலேயே கிடந்தன. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் இன்னொன்று. முன்பெல்லாம் ஓட்டுப் போட்டு முடிந்ததும் அந்தச் சண்டையும் முடிந்துவிடும். இப்போது பாலத்தைத் தாண்டவே ஆட்கள் யோசித்தார்கள்.

அப்படி யோசிக்காமல் வந்தவர் அந்தப் பக்கத்து சைக்கிள் மெக்கானிக். தெருவில் மற்றவர்கள் வரப் பயந்ததால் ஆறு பேருடைய மருந்துச் சீட்டையும் அவரே வாங்கி வந்திருந்தார். ஆறு சீட்டையும் அக்கா சரிபார்த்து, முத்திரை குத்தி, ஆறு இன்சுலின் குப்பிகளைக் கொடுத்தாள். அவர் போனபின் ஃபிரிட்ஜைத் திறந்தால் மூன்றுதான் மிச்சம். போனை எடுத்தாள்.

"ஏய், கேட்டியா? அந்தப் பக்கத்து ஆளுங்க இன்சுலினை அள்ளிட்டுப் போறாங்கடி. இப்பதான் சைக்கிள் கடைக்காரர் பை நிறைய வாங்கிட்டுப் போனார். பதுக்கத்தான் போலிருக்கு. நம்ம ஆளுங்க கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

முப்பத்தெட்டு விநாடி. ஆறு சீட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. மறந்துபோய் விட்டதல்ல. அதைச் சொல்லியிருந்தால் பேச்சில் காரம் குறைந்திருக்கும்.

தங்கை அதை அக்கறையோடு இந்த ஊரில் இருந்த இரண்டு தோழிகளுக்கு அனுப்பினாள். மறுநாள் காலை கடை வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் போனை நீட்டினார்.

"இதைக் கேட்டீங்களாக்கா?"

தன் குரலே தன்னைப் பார்த்துப் பேசியது. கரகரவென்று, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல.

"யாரோ என்னமோ சொல்றாங்க. நம்பாதீங்க," என்றாள். அந்த 'யாரோ'வைச் சொல்லும்போது அவள் குனிந்து மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மதியம் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கும்பல் பாலத்தைத் தாண்டியது. திரும்பி வந்தவர்களில் ஒருவன் கையில் வெட்டுக்காயம். பஞ்சு கேட்டு வந்தான்.

"சைக்கிள் கடைக்காரன் ஃபிரிட்ஜையே உடைச்சுட்டோம்கா. ரெண்டே குப்பிதான் இருந்துச்சு. மிதிச்சாச்சு. மத்ததை எங்க ஒளிச்சானோ தெரியல."

மற்ற நான்கும் எங்கே என்று அக்காவுக்குத் தெரியும். நான்கு வீட்டுக்குப் போயிருக்கும். மிதிபட்ட இரண்டும் யாருடையவை என்றுதான் தெரியவில்லை. காயத்துக்குக் கட்டுப் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து, சீட்டில்லாமல் கேட்டவர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்த மூன்றில் இரண்டை ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில் பாலத்தைத் தாண்டினாள். மெக்கானிக் உடைந்த கண்ணாடியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் குரல் என்னுதுங்க."

"தெரியும்."

"எப்படி?"

"பத்தொன்பது வருஷமா 'வெறும் வயித்துல போடாதீங்க'ன்னு சொல்ற குரல். தெரியாம போகுமா?"

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா இங்கேர்ந்து ஒரு கூட்டம் வந்து உங்க கடையை உடைக்கும். அப்புறம் நாங்க மருந்துக்கு எங்க போறது?"

துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார்.

"ஆறு சீட்டுலயும் முத்திரை குத்தினது நீங்கதான். அதை ஏம்மா சொல்லாம விட்டீங்க?"

அவள் ஃபிளாஸ்கை நீட்டினாள். "ஒருத்தருக்கு வேற இடத்துல புரட்டிட்டோம். தையல்கார அம்மாவுக்குத்தான் முடியல. இன்னைக்கு விடியக்காலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க," என்றார். ஃபிளாஸ்கை வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

அன்று மாலை அவள் இன்னொரு முறை பேசிப் பதிந்தாள். பெயரைச் சொன்னாள், கடையைச் சொன்னாள், ஆறு சீட்டையும் சொன்னாள். முதல் பேச்சு ஊரையே சுற்றி வந்தது. இது நாலு தெருவைத் தாண்டவில்லை. ஆனால் அந்த நாலு தெருவும் அவளுடையவை. கடை முதலாளி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நம்மள காட்டிக் கொடுத்துட்டீங்களே," என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். அப்போதும் அவள் குனிந்துகொள்ளவில்லை. அது மட்டும்தான் ஆறுதல்.

அதன்பின் வாரம் இரண்டு நாள் காலையில் ஐஸ் பெட்டியோடு பாலத்தின் நடுவில் போய் நின்றாள். மெக்கானிக் சீட்டுகளைக் கொண்டு வருவார். இங்கே இல்லாத மருந்து அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்தால் அவர் வழியாக வரும். எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படி அவள் உரக்கச் சொல்வாள். முதலில் மூன்று பேர் வந்தார்கள், பிறகு முப்பது. கட்டுப் போட்டுக்கொண்டு போனவனும் ஒருநாள் தன் அம்மாவின் சீட்டோடு வந்து நின்றான். மெக்கானிக் அவனை அடையாளம் கண்டுகொண்டார். சீட்டைத் திருப்பி டாக்டர் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

தையல்கார அம்மா பதினோரு நாள் கழித்துத்தான் வீடு திரும்பினார். ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று கேள்விப்பட்டு அக்கா இரண்டு இரவு தூங்கவில்லை. அடுத்த வாரம் அவரே மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பாலத்துக்கு வந்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அழக் கூடாது என்று நினைத்தாள், அழுதாள்.

அந்த அம்மா கேட்டுக்கொண்டே நின்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. மடியிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார்.

"புது அளவு எழுதியிருக்காங்களாம். எனக்குக் கண்ணு தெரியல. படிச்சுச் சொல்லும்மா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுதியிருந்ததை ஒரு வார்த்தை விடாமல் படித்தாள்.