கொழுப்பேறிய கல்லீரலும் அக்காளின் கரண்டியும்

கல்லீரலைப் பற்றி ஒருவன் கவனமின்றி எழுதினால், அதன் விளைவை வேறொருவருடைய உடல் சுமக்க நேரிடும். எனக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் உறவினர்கள் கைப்பேசியில் அனுப்பிய குறிப்புகள் ஒன்றையொன்று மறுத்தன. ஒன்று வெறும் வயிற்றில் தேன் குடிக்கச் சொன்னது. மற்றொன்று தேனே நஞ்சு என்றது. ஆகவே, என்னைப் பரிசோதித்தவர்கள் நேரில் சொன்னவற்றையும் நான் கண்டவற்றையும் மட்டுமே இங்கே தருகிறேன். சரிபார்க்க இயலாத கைமருந்து எதனையும் சேர்க்கவில்லை.

நான் வாழும் தென்ஜெர்மனிச் சிறுநகரில் 'வேண்டாம்' என்று ஒருமுறை சொன்னால் போதும். சென்ற புதிதில் உடன் பணியாற்றுபவர் ஒருவர் வீட்டுக்கு அழைத்தார். முதல் தட்டு முடிந்ததும், இன்னும் வேண்டுமா என்று அவருடைய மனைவி கேட்டார். "நைன், டாங்கெ", வேண்டாம், நன்றி, என்றேன். இரண்டாம் முறை வற்புறுத்துவார், அப்போது ஏற்றுக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். பாத்திரம் அடுக்களைக்குப் போய்விட்டது. அன்று அரைவயிற்றோடு வீடு திரும்பினேன். அவர்கள் செய்ததில் பிழை ஏதுமில்லை. நான் சொன்னதை நம்பினார்கள், அவ்வளவுதான்.

வயிற்றை மீயொலி ஸ்கேன் எடுத்துப் பார்த்த பின் மருத்துவர் "ஃபெட்லேபர்" என்றார். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்பது பொருள். "மது அருந்துவீர்களா?" என்றார். இல்லை என்றேன். தலையசைத்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இனிப்பு உண்பீர்களா என்று உணவியலாளர் கேட்டபோதும் உண்மை என்று நம்பியே இல்லை என்றேன். நாள்தோறும் பலமுறை குடிக்கும் தேநீரில் கிடக்கும் சர்க்கரையை நம்மவர் எவரும் இனிப்பு என்று எண்ணுவதில்லை. அதை அவர் மெல்லக் கேட்டறிந்த பின்பே அறிவுரை சொன்னார். பானங்களில் சர்க்கரையை விட வேண்டும். வெள்ளைச் சோற்றையும் மைதாவையும் குறைத்து, தட்டில் பாதியைக் காய்களுக்குத் தர வேண்டும். பருப்பும் பயறும் மீனும் நல்லவை. மதுவைத் தொடக் கூடாது. அன்றாடம் நடக்க வேண்டும். எடை மெல்லக் குறைந்தால் கல்லீரலின் கொழுப்பும் குறையும். பட்டினி கிடந்து விரைவாகக் குறைப்பது தீங்கு. சர்க்கரையற்ற காப்பிக்குத் தடையில்லை.

அத்தனையும் எனக்கு எளிதாக வாய்த்தது. சமைப்பவனும் நானே, உண்பவனும் நானே. இன்னும் ஒரு கரண்டி என்று கெஞ்ச அந்த வீட்டில் யாருமில்லை. சன்னலோரம் அமர்ந்து, வேகவைத்த முட்டைக்கோசையும் கொண்டைக்கடலையையும் ஓசையின்றி உண்டு எழுவேன். எளிதாக இருந்ததுதான் வலித்தது.

இவ்வாண்டு விடுமுறைக்கு அவனியாபுரத்தில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அம்மா இறந்த பின் எனக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அவள். 'கல்லீரல்' என்ற சொல்லை நான் முடிப்பதற்குள் அவள் முகம் வாடிவிட்டது. இங்கே ஈரல் கெட்டவன் என்றால் குடிகாரன் என்றே கொள்வார்கள்.

"ஏப்பா, அங்கிட்டுக் குளிருக்குக் குடிப்பாகளாம்ல?"

"நான் குடிக்கிறதில்லக்கா."

"சரி விடு. நா யாருகிட்டயும் சொல்லல."

லேத்துப் பட்டறை நடத்தும் அவள் கணவர் சிரித்தார். "மாப்ள, எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு. நம்ம பட்டறைல ஒருத்தனுக்கு ஈரல் வீங்குனப்ப, அவனும் இதத்தேன் சொன்னான்."

"நெசமாவே இல்ல மச்சான்."

"அவனும் நெசமாவேன்னுதேன் சொன்னான்."

ஞாயிற்றுக்கிழமை அக்காள் கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்து, ஆட்டு ஈரலை வாங்கி வந்து, நல்லெண்ணெயில் மிளகும் சின்ன வெங்காயமும் சேர்த்து வறுத்தாள். "ஈரலுக்கு ஈரல்தேன் மருந்து. வாய மூடிட்டுத் தின்னு" என்றாள். தின்ற ஈரல் செரித்துப் போகுமே தவிர, என் ஈரலைத் தேடிப்போய் ஒட்டாது. ஆயினும் இரண்டு துண்டு உண்டேன். போதும் என்றேன், மேலும் வைத்தாள். சோறு போதும் என்றேன், குவித்தாள். இரவு மச்சான் பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்தார். "ஒரு பரோட்டால என்ன வந்துறப் போவுது?"

இந்த வீட்டில் எவருடைய 'போதும்' என்பதையும் எவரும் நம்புவதில்லை. முதல் முறையிலேயே ஏற்பவன் வயிற்றுக்கு அலைபவன்; முதல் மறுப்பிலேயே கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்பவள் கொடுக்க மனமில்லாதவள். மறுத்து, வற்புறுத்தி, ஏற்றுக்கொண்டு உண்பதே இங்கு மரியாதை. இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன் நான். போதும் என்பதை ஒருநாளும் நம்பாதவள், குடிக்கவில்லை என்பதை மட்டும் எவ்வாறு நம்புவாள்? அவள் மனத்தில் நான் அந்நிய ஊரின் அறையில் தனியே அமர்ந்து குடிப்பவன். அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏற எனக்கு மனமில்லை.

அதற்காகவே அவளையும் அழைத்துக்கொண்டு கோரிப்பாளையத்தில் ஒரு மருத்துவரிடம் சென்றேன். பழைய அறிக்கைகளைப் பார்த்துவிட்டு அவர் அக்காளிடமே பேசினார். "குடிக்காதவுகளுக்கும் இது வரும்மா. சோறு கூடிப்போகுது, சர்க்கர கூடிப்போகுது, உக்காந்தே பாக்குற வேல. வாயக் கட்டுனாக் கொறைக்கலாம்."

"ஈரல் வறுத்துக் குடுத்தேனே?"

"ஆசைக்கு என்னைக்காச்சும் ஒரு துண்டு திங்கலாம். அது மருந்து இல்லம்மா."

நகரப் பேருந்தில் அக்காள் சன்னல் பக்கம் திரும்பியே அமர்ந்திருந்தாள். ஆற்றுப் பாலத்தைக் கடந்த பிறகு, என்னைப் பாராமலே கேட்டாள்.

"அப்ப, நா போட்ட சோறுதேனா?"

"இல்லக்கா. நான் இங்கிட்டு இருந்து போயி எம்புட்டு வருசமாச்சு."

குடிக்கவில்லை என்று நிறுவப் போய், என் நோயை அவள் மடியில் வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உணர்ந்தேன். அதன் பின் நான் கூறிய சமாதானங்களில் ஒன்றையும் அவள் செவியில் வாங்கியதாகத் தெரியவில்லை.

நாளை புறப்படுகிறேன். இன்று மதியம் தட்டில் கீரைக் கடையலும் அவரைக்காய்ப் பொரியலும் நிறைந்திருந்தன. ஓரத்தில் சிறிது சோறு வைத்து, அதன்மேல் பருப்பு ஊற்றினாள். "இம்புட்டு காணுமா?" என்றாள். "போதும்க்கா" என்றேன். அவள் அடுத்த கரண்டியைக் கொண்டுவருவாள் என்று பழக்கத்தால் கையை நீட்டித் தட்டை மறைத்தேன். அவள் சோற்றுப் பானையை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள். நீட்டிய கை, தடுப்பதற்கு ஒன்றுமில்லாமல் தட்டின்மேல் நின்றது.

கொழுப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது அடுத்த சோதனையில்தான் தெரியும். அக்காள் என்னை நம்பியதால் நிறுத்தினாளா, தன் சோற்றுக்கு அஞ்சி நிறுத்தினாளா, நான் அவளுக்கு அயலான் ஆகிவிட்டேனா என்பது எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவுமில்லை.