மைதீன் சார் தட்டிய கை

சிராங்கூன் ரோட்டில் மளிகை வாங்கிக்கொண்டிருந்தேன். "உங்க மைதீன் சார் காலையில மவுத்தாயிட்டாரு லா. தெரியாதா?" என்றார் கடைக்காரர். தெரியாது. சாமான்களை அங்கேயே விட்டுவிட்டுக் கேலாங்கில் இருந்த சாவு வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

அவரிடம் வெட்டு வாங்காத நாடகக்காரர் நம்மில் யாருமில்லை. நம் குழுவில் அவர் மேடை ஏறியதே இல்லை. பிரதியைப் படித்து, எதை வைக்கலாம், எதை எடுக்கலாம் என்று சொல்வதுதான் அவர் வேலை. "ஒரு தடவை அழுதா போதும்மா. மூணாவது தடவை சனங்க கடலை வாங்கப் போயிருவாங்க" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திரும்பப் படித்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். கோபம் இன்னும் ஏறும்.

தொலைக்காட்சி வந்ததும் அங்கே தமிழ் நாடகங்களுக்குப் பிரதி எடிட்டராகப் போனார், எங்களையும் இழுத்துக்கொண்டார். முதல் நாடகம் நேரடி ஒளிபரப்பு. அரை மணி நேரம், உடனே செய்தி. செய்தி நேரத்தைத் தொட்டால் இனித் தமிழ் நாடகமே கிடையாது என்று மேலதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எனக்கு அப்பாவாக நடித்தவர் துரைராசு அண்ணன், பழுத்த மேடை நடிகர். முதல் பெரிய வசனத்தைப் பேசிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி அப்படியே நின்றார். அண்ணன் கைத்தட்டலுக்குக் காத்திருக்கிறார்! அது ஓய்ந்தால்தான் அவருக்கு அடுத்த வசனம் வரும். ஒத்திகையில் வழக்கம்போல நாங்களே தட்டிவிட்டதால் இது யாருக்கும் தோன்றவில்லை. ஸ்டூடியோவில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஒருவழியாகத் தொடர்ந்தவர், அடுத்த வசனத்திலும் நின்றார்.

கேமராவுக்குப் பக்கத்தில் மைதீன் சார் ஓடிவந்து நின்றார். உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடாமல் வேகவேகமாகக் கை தட்டினார். முகமெல்லாம் வேர்வை. ஓரக்கண்ணால் பார்த்த அண்ணன், திருப்தியாக மேலே பேசினார். பிறகு ஒவ்வொரு வசனத்துக்கும் சார் தட்டினார், சட்டென்று நிறுத்தினார். போன நேரத்தை மீட்க, என் புலம்பலைப் பாதியில் முடிக்கச் சொல்லிக் கை காட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். செய்தி நேரத்துக்குத் தொடங்கியது.

அண்ணன் பூரித்துப்போய்க் கிளம்பினார். சார் நாற்காலியில் சரிந்து கிடந்தார்.

"அண்ணனை நல்லா ஏமாத்திட்டீங்க சார்" என்றேன்.

"மொத தடவைதாம்மா பயத்துல தட்டினேன். அப்புறம் அவரு பேசினதுக்குத் தட்டினேன்."

நம்மை இத்தனை வெட்டியவர் நம்மை எவ்வளவு ரசித்தார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சத்தமில்லாத கைத்தட்டலைத்தான் நான் எனக்குள் வைத்திருக்கிறேன். அடக்கம் முடிந்த மறுநாள் எனக்கு ஒளிப்பதிவு இருந்தது. வசனத்தைப் பேசிவிட்டுக் கேமராவுக்குப் பக்கத்தில் பார்த்தேன். அடுத்த வசனம் வரவில்லை.