அம்மை வராத வீட்டு வேப்பிலை

ராமுத்தாய் அக்காவைப் பற்றி யாராவது இளப்பமாகப் பேசினால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அப்படிக் கோபப்பட எனக்கு அருகதை இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பொட்டிப்புரத்தில் எனக்கு அடுத்த வீடு அவருடையது. புருஷன் செத்துப் பதினோரு வருடம் ஆயிற்று. திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போய், ஒரு கிழட்டுப் பசுவையும் வைத்துக் காலம் தள்ளுகிறவர். அந்தப் பசு கடைசியாக ஒரு கிடேரிக் கன்று போட்டது. இனி சினை பிடிக்காது. நெற்றியில் வெள்ளை இருந்ததால் கன்றுக்குப் பொட்டு என்று பேர் வைத்தார். “இனி எனக்கு இதுதான் கஞ்சி ஊத்தணும்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். வேலையிலிருந்து வந்தால் முதலில் அதன் தாடையைச் சொறிந்துவிட்டுத்தான் கைகால் கழுவப் போவார்.

நான் கர்ணன். சின்னமனூரில் ஐந்து டீக்கடைகளுக்குப் பால் ஊற்றுகிறேன். மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி கிளம்பும் கழலை நோய் பரவுகிறது, எல்லா மாட்டுக்கும் தடுப்பூசி என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஊசி போட்டால் நாலு நாள் பால் குறையும். அது ஊர்த் திருவிழா வாரம், பாலுக்குக் கிராக்கி. வேண்டாம் என்று நேராகச் சொன்னால் ஊசி போடுகிற விஜய்பாண்டி விடமாட்டான். வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவான். நான்தான் பெரிய புத்திசாலி ஆயிற்றே. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டு, மகள் பவானிக்கு அம்மை என்று சொல்லிவிட்டேன்.

ஐஸ் பெட்டியோடு வந்த விஜய்பாண்டி தெருவிலேயே நின்றான். வெயிலில் அலைந்தவன் அம்மை வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று அவனுக்கும் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான்.

“தலைக்குத் தண்ணி ஊத்துனதும் போன் போடுங்கண்ணே. உங்க மாட்டுக்குத் தனியா வந்து போடுறேன்” என்றான்.

அடுத்த வீட்டில் கிழட்டுப் பசுவுக்கு ஊசி போட்டான். பொட்டுக்கு அப்போது இரண்டு மாதம்தான். “கன்னுக்கு நாலு மாசம் ஆகட்டும்க்கா. அதுவரைக்கும் ஈ கொசு அண்டாமப் பாத்துக்கங்க. அது கடிச்சுத்தான் பரவுதுன்னு டாக்டர் சொன்னாக” என்று அவன் சொன்னது என் காதிலும் விழுந்தது.

ஜவுளிக்கடை வேலைக்குப் போகவேண்டிய பவானி உள்ளே பல்லைக் கடித்தாள். “நீங்க சொன்ன பொய்க்கு நான் எத்தன நாளைக்குப்பா உள்ளயே கெடக்கணும்?”

சாயங்காலம் அக்கா கூழும் இளநீரும் கொண்டுவந்து வாசலில் வைத்தார். “புள்ளைக்குக் குடுங்க தம்பி. எங்க வீட்லயும் தாளிக்கல. பக்கத்துல ஆத்தா இருக்கப்ப வறுத்துப் பொரிக்கக் கூடாதுல்ல” என்றார். பவானி தொடமாட்டேன் என்றுவிட்டாள். அந்த இளநீரை நான்தான் குடித்தேன். சொல்லவே வாய் கூசுகிறது.

வேப்பிலையை எடுத்த பிறகும் விஜய்பாண்டிக்குப் போன் போடவில்லை. திருவிழா முடியட்டும், முகூர்த்த நாள் கழியட்டும் என்று தள்ளினேன். மூன்றாவது வாரம் என் செவலைப் பசுவுக்குக் காய்ச்சல். மறுநாள் உடம்பெல்லாம் கட்டி. வைத்தியம் பார்த்து அது பிழைத்துக்கொண்டது. ஆனால் என் தொழுவத்துக்கும் அக்கா தொழுவத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு ஓலைத் தட்டிதான். எட்டாம் நாள் பொட்டின் கழுத்தில் கட்டி தெரிந்தது. கால் வீங்கி, மடியை முட்டக்கூட அதனால் எழ முடியவில்லை. அக்கா வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பாட்டிலில் பால் புகட்டினார். விஜய்பாண்டி காலையும் மாலையும் வந்து ஊசி போட்டான். ஆறாம் நாள் விடியும்போது கன்று செத்துக் கிடந்தது.

குழி நான்தான் வெட்டினேன். அக்கா அழவில்லை. குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் மெல்லச் சொன்னார்.

“எல்லாம் நான் பண்ணுனதுதான் தம்பி. பவானிக்கு ஆத்தா எறங்கியிருந்தப்ப, மூணாம் நாளு மறந்துபோயி கருவாட்ட வறுத்துட்டேன். வாசம் வந்த பெறகுதான் நெனப்பே வந்துச்சு. அந்தக் கோவத்தத்தான் எங் கன்னு மேல காட்டிட்டா.”

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. வேப்பிலை, அம்மை, போடாத ஊசி, குடித்த இளநீர், ஒன்று விடாமல் சொன்னேன். மண்ணை வாரித் தூற்றுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

அக்கா நிமிர்ந்து கேட்டார்.

“அப்ப, நான் கருவாடு வறுத்ததால இல்லையா?”

“இல்லக்கா.”

“நெசமாவா தம்பி?”

“நெசமாத்தான்க்கா.”

நெஞ்சில் கையை வைத்து நீளமாக மூச்சு விட்டார். அதன் பிறகுதான் அழுதார். ஆறு நாளாக அந்தப் பழியையும் அவர்தான் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார். அதைத் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த நான் கேட்கவே இல்லை.

“புள்ளைக்கு ஒண்ணும் இல்லல்ல. அது போதும்” என்று முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அக்கா என்னை இன்றுவரை ஏசவில்லை. எதிரே பார்த்தால் பவானி சுகமா என்று கேட்கிறார். என் வீட்டு வாசலில் மட்டும் அதன் பிறகு எதையும் கொண்டுவந்து வைத்ததில்லை.