அந்தோனிமுத்துவின் பதினொரு பேர்

நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலை ஸ்டோரில் கொழுந்து உருட்டும் ரோலர் மெஷின் பார்த்த அந்தோனிமுத்துவிடம் வாய் கொடுத்தவர் யாரும் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. பந்தாட்டம் என்று ஆரம்பித்தால் போதும், தோட்டத்துக்காக ஆடியவர்களில் தலைசிறந்த பதினொரு பேரை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார். பேப்பரில் படம் வந்த வெளிநாட்டு வீரர்களை யாராவது இழுத்தால், "நான் கண்ணால பாக்காதவன எப்படிச் சேக்கிறது?" என்று வெட்டிவிடுவார். பத்துப் பேர் வருஷத்துக்கு வருஷம் மாறுவார்கள். சென்டர் பார்வட் மட்டும் மாறவே மாட்டார். அந்த இடம் அந்தோனிமுத்துவுக்குத்தான்.

"ஒங்களுக்கு நீங்களே மால போட்டுக்கிறீங்களே, வெக்கமா இல்லையா?" என்பாள் மனைவி சிசிலி.

"கப்ப வாங்கினது யாரு?" என்பார்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் வட்டகொடைக்காரர்களைத் தோற்கடித்துக் கப் வென்ற அணிக்கு அவர்தான் கேப்டன்.

அறுபத்திரண்டில் தோட்டத்தில் கிளப் கட்டினார்கள். சங்கத் தலைவர் பொன்னையா வந்து, "அண்ணே, நம்ம தோட்டத்துல எக்காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரங்க பதினோரு பேர நீங்கதான் எழுதித் தரணும். பலகையில எழுதி மாட்டப் போறோம்" என்றார். அந்தோனிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

பத்துப் பெயர்கள் மளமளவென்று வந்தன. பதினொன்றாவதாகத் தன் பெயரை எழுதப் போனார். கை ஓடவில்லை. வாயால் அளப்பது வேறு, பலகையில் ஏற்றுவது வேறு. பாவம், மனுஷன் மூன்று நாள் எழுதுகிற கொப்பியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

ஐம்பத்து மூன்றில் நடந்த அந்தக் கப் ஆட்டத்துக்குத் தோட்டத்துப் பெரிய துரை பதினொரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். பிறந்ததிலிருந்து வெறுங்காலில் உதைத்தவர்கள், துரை மனம் கோணக் கூடாதே என்று மாட்டிக்கொண்டு சேற்றில் சறுக்கிச் சறுக்கி விழுந்தார்கள். பாதி ஆட்டத்தில் இரண்டு கோல் பின்னால். அப்போது அந்தோனிமுத்து, அணியில் ஆடிய மூக்கனைத் தனியாகக் கூப்பிட்டு, "கழட்டிட்டு ஆடுடா" என்றார். மூக்கன் கழற்றினான், மூன்று கோல் அடித்தான். பூட்ஸ் போட்ட காலோடு கப்பை வாங்கியவர் அந்தோனிமுத்து.

சேற்றில் கிடந்த பூட்ஸைக் கண்ட துரைக்குக் கோபம் தலைக்கேறியது. "யார் சொல்லிக் கழற்றினான்?" என்று கேட்டார்.

"அவனாத்தான் கழட்டினான் தொரை" என்றார் கேப்டன். மூக்கன் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, குனிந்து பூட்ஸைச் சேற்றிலிருந்து எடுத்தான்.

மறுநாள் காலைப் பெரட்டில் எல்லாருக்கும் பெயர் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். மூக்கன் பெயரைக் கூப்பிடவில்லை. நாலு நாள் போய் நின்றான். ஐந்தாம் நாள் ராகலைப் பக்கம் பிழைக்கப் போய்விட்டான். அவன் தங்கை பூரணி மட்டும் இங்கேயே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

கிளப் திறந்த அன்று, பெரட்டில் கூப்பிடுவது போலவே பொன்னையா பலகையைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஆட்டக்காரர்களோ அவர்கள் வீட்டாரோ "இருக்கோம்!" என்று குரல் கொடுத்தார்கள். கடைசிப் பெயருக்கு எல்லாரும் அந்தோனிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூக்கன்" என்று வாசித்தார் பொன்னையா.

அந்தோனிமுத்து எழுந்தார். "பூட்ஸ கழட்டச் சொன்னது நான்தான். தொரைகிட்ட பொய் சொன்னதும் நான்தான்" என்றார். ஒன்பது வருஷம் தொண்டையில் கிடந்தது அவ்வளவுதான். சிசிலி தலையைக் குனிந்துகொண்டாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து பூரணி முன்னே வந்தாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்தாள்.

"எங்கண்ணன் நாலு நாளு பெரட்டுல வந்து நின்னுச்சு. நாலு தடவ கூப்பிடுங்க. நீங்களே கூப்பிடுங்க."

அந்தோனிமுத்து கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் பூரணி, "இருக்காரு" என்றாள். நாலாவது தடவை அவருக்குக் குரலே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அதற்கும் அவள் பதில் சொன்னாள்.